மாமா பிடித்த கயிறு

ஐந்தாம் வகுப்பு முடிகிற வருடம் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. ஆண்டு விழாவில் மைக் பிடித்துப் பேச வேண்டும். என்ன பேசுவது என்பதெல்லாம் அப்புறம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மைக் என்பது வருடத்துக்கு ஒருநாள் கன்னிவாடியிலிருந்து ஜீப்பில் ஏறி வந்து, அன்று சாயங்காலமே இறங்கிப் போய்விடும் விருந்தாளி. முந்தைய வருடம் அதை ஊதிப் பார்க்கும் பாக்கியம் பி.டி. சாருக்கு மட்டும்தான் கிடைத்தது. அவர் ஊதியது எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்ததைப் பற்றி நாங்கள் ஒரு மாதம் பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊர் பழனி மலையின் நடுச்சரிவில், காப்பித் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. நாங்கள் பளியர்கள். பள்ளியில் பாதிப் பேர் எங்கள் பிள்ளைகள், மீதிப் பேர் தோட்ட வேலைக்கு வந்து தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள். அதுவரை ஆண்டு விழா என்றால் மாறுவேடம், சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், கடைசியில் ஆளுக்கு ஒரு பொட்டலம் சுண்டல். அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. பிள்ளைகளின் வீடுகளில் வழிவழியாகத் தெரிந்துவைத்திருக்கும் காட்டறிவையும் கைத்தொழிலையும் விழாவில் காட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். எங்கள் தலைமை ஆசிரியை, நாங்கள் பெரிய டீச்சர் என்று கூப்பிடுகிறவர், அதை இரண்டு தடவை படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"யாரு வீட்டுல என்ன தெரியும்?"

மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து நின்றுவிட்டேன். "எங்கப்பா பெருந்தேன் எடுப்பாரு டீச்சர். கயித்துல தொங்கிக்கிட்டே எடுப்பாரு."

பள்ளிக்குப் பின்னால் மூன்று ஆள் உயரத்தில் ஒரு பாறை உண்டு. அதன் மேலிருந்து அப்பா கயிற்றில் இறங்கிக் காட்டுவது, கீழே நின்று நான் மைக்கில் விளக்குவது என்று அங்கேயே முடிவாயிற்று. அப்பா ஒரு வருடமாகத் தேனுக்கே போகவில்லை என்பதை டீச்சர் கேட்கவில்லை. கேட்காததை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

அப்பா போகாததற்குக் காரணம் மாமாவின் போன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தோட்டத்தில் மிளகு பறித்த கூலியைச் சேர்த்து வைத்து அவர் ஒரு போன் வாங்கியிருந்தார். அவர் ஊரில் டவர் கிடையாது. ஆகையால் அது அடிக்கவும் அடிக்காது. மாமாவும் அதைத் துடைத்துத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதோடு சரி. போன தேன் காலத்தில் ஒரு பெரிய செங்குத்துப் பாறையில் அப்பா இறங்க, மேலே உட்கார்ந்து மாமா கயிறு பிடித்தார். அந்த உச்சியில் டவர் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அடிக்காத போன் முதல்முதலாக அங்கே அடித்தது. மாமாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுத்துப் போனைக் காதில் வைத்துவிட்டார். பேசியது மனுஷர்கூட இல்லை. விருப்பமான பாட்டை வைத்துக்கொள்ள ஒன்றை அழுத்தவும் என்று கம்பெனிக்காரர்கள் பதிந்து வைத்த குரல்.

கயிறு ஒரு விரற்கடைகூட நழுவவில்லை. இருந்தாலும் அப்பா கீழேயிருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். மேலே ஏறி வந்து, கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. கயிறுதான் நழுவவில்லையே, அப்புறம் எதற்கு இவ்வளவு கோபம் என்று நான் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அம்மா அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஆண்டு விழாச் செய்தியைச் சொன்னதும் அப்பா சிரித்தார். அந்தப் பாறையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவார். உடனே சரி என்று சொல்லிவிட்டார். நான் அன்று இரவே பேச்சை எழுதத் தொடங்கினேன்.

விழாவுக்கு முந்தைய நாள் ஒத்திகை. மஞ்சள் அட்டையில் டீச்சர் தேன்கூடு செய்து பாறையில் ஒட்டியிருந்தார். புத்தகத்தில் இருக்கிற மாதிரி அறுகோணமாக இருந்தது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எந்தத் தேனீங்க கட்டுச்சு?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். பெருந்தேன் கூடு பாதி நிலா மாதிரி தொங்கும் என்று தெரிந்ததும் டீச்சர் கத்தரிக்கோலை எடுத்து அதை அங்கேயே திருத்தினார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பி.டி. சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாறை மேல் ஏறிக் கயிற்றின் நுனியைப் பிடிக்கும் வரைக்கும்தான்.

அப்பா இடுப்பில் கட்டப்போன கயிற்றைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க புடிக்கக் கூடாதுங்க சார்."

"ஏன்? நான் நூறு கிலோ தூக்குவேன்."

"அதுக்கில்லங்க. கயிறுன்னு கட்டிட்டா மச்சான்தாங்க புடிக்கணும். வீட்டுக்காரியோட கூடப் பொறந்தவன். என் கூடப் பொறந்தவன்கூடப் புடிக்க மாட்டான்."

"மச்சான் வரலையா?"

அப்பா காட்டைப் பார்த்தார். "கயிறு இல்லாம வேணா எறங்குறேங்க. இது என்ன பெரிய பாறை."

கயிறு இல்லாமல் இறங்கப் பெரிய டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. விழாவைப் பார்க்கக் கல்வி அதிகாரி வருகிற நாளில் ஒருவர் பள்ளிக்கூடப் பாறையிலிருந்து விழுந்தால் அவர் யாருக்குப் பதில் சொல்வார்? கயிறு கட்டினால் அப்பா இறங்க மாட்டார். கட்டாவிட்டால் டீச்சர் இறங்க விட மாட்டார். பி.டி. சார் மட்டும் தன் கை பலத்துக்கு என்ன குறை என்று விளங்காமல், "ஏன் மச்சான்தான்?" என்று திரும்பவும் கேட்டார்.

"அவன் விட்டா தாலி எழக்குறது அவனோட அக்காங்க. அதனால விட மாட்டான்" என்றார் அப்பா.

எனக்கு அந்த வரி மிகவும் பிடித்துவிட்டது. உடனே என் பேச்சில் கடைசி வரியாகச் சேர்த்துக்கொண்டேன். சேர்த்துவிட்டு நிமிர்வதற்குள் டீச்சர், காலையில் எட்டு மணிக்குள் மச்சான் வராவிட்டால் இந்த நிகழ்ச்சி இல்லை, அந்த நேரத்தை ஆறாம் வகுப்பின் ஆட்டத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். அப்பா தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். என் மைக் என் கண் முன்னாலேயே ஆறாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

பையை வாசலில் எறிந்துவிட்டு நான் மாமா ஊருக்கு ஓடினேன். காப்பித் தோட்டத்தைத் தாண்டி, ஓடையைத் தாண்டி அரை மணி நேர நடை. அன்றைக்கு அதில் பாதிகூட ஆகவில்லை. மாமா வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, அப்பா உங்கள நாளைக்குக் கயிறு புடிக்க வரச் சொன்னாரு."

மாமா அரிவாளை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவரா சொன்னாரு?"

"ஆமா. வெரசா வரச் சொன்னாரு. எட்டு மணிக்குள்ள."

"வேற என்ன சொன்னாரு?"

பொய் சொல்ல இறங்கியாயிற்று, இனி எதற்குக் கஞ்சத்தனம் என்று, "நீங்க இல்லாம முடியாதுன்னு சொன்னாரு" என்றேன். யோசித்தால் அது மட்டும் பொய் இல்லை.

மாமா அரிவாளை மறுபடியும் கையில் எடுத்தார். "வெள்ளனே வர்றேன்னு சொல்லு தாயி" என்று மட்டும் சொன்னார். திரும்பி ஓடும்போது நான் ஓடையை ஒரே தாவில் தாண்டினேன். அம்மாவிடம் மட்டும் சேதியைச் சொன்னேன். அம்மா என் உதட்டில் விரலை வைத்து, அப்பாவிடம் சொல்லாதே என்றாள்.

மறுநாள் காலையில் நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். "மாமா போன் நம்பர் ஒன் நோட்டுல கெடக்குல்ல? இதுல எழுதிக் குடு." எதற்கு என்று கேட்க எனக்கு நேரமில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டேன். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரும் தோட்டத்து ஊரும் ஒன்றாக வந்திருந்தன. வண்ணக் காகிதத் தோரணம் காற்றில் படபடத்தது. மைக் வந்திருந்தது. எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாமா வெள்ளை வேட்டியில் வந்து சேர்ந்தார். அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தோரணத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் பாறைப் பக்கம் நடந்தார்கள். பள்ளிக்கூடப் பக்கம் டவர் உண்டு என்று தெரிந்த மாமா, போகிற போக்கில் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இத வச்சிரு. மேல எனக்கு இதோட சோலி இல்ல."

அவர் மேலே ஏறி, ஒரு வேரில் காலை முட்டுக் கொடுத்து உட்கார்ந்து, கயிற்றை இடுப்போடு ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்தார். அப்பா பச்சை இலைப் புகைக்கட்டோடு விளிம்பில் நின்று கயிற்றை இரண்டு தடவை சுண்டினார். மாமா திரும்பச் சுண்டினார். அப்பா இறங்கத் தொடங்கினார்.

நான் மைக்கைப் பிடித்தேன். "அனைவருக்கும் வணக்கம்" என்றேன். என் குரல் எதிர்மலைக்குப் போய், என்னைவிடப் பெரிய ஆளாகி, எனக்கே வணக்கம் சொல்லிற்று. அந்த மகிழ்ச்சியை இப்போது சொல்லிப் புரியவைக்க முடியாது. இது புகைக்கட்டு, இது தேன்கூடு, கூடு முழுவதையும் அறுக்காமல் ஒரு பங்கை விட்டு வைப்போம், அப்போதுதான் தேனீ திரும்ப வரும் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அதிகாரிகூடத் தலையாட்டிக் கேட்டார். அப்பா பாறையில் பாதி தூரம் இறங்கியிருந்தார். நான் கடைசி வரிக்கு வந்தேன். "கயிற்றைப் பிடித்திருப்பவர் அவருடைய மச்சான். ஏனென்றால்..."

என் கையிலிருந்த போன் அடித்தது.

ஒரு கையில் மைக், மறு கையில் பேச்சுத் தாளோடு சேர்த்துப் போன். இரண்டும் என் வாய்க்கு முன்னால் இருந்ததால், மாமா ஆசையாக வைத்திருந்த சினிமாப் பாட்டு ஒலிபெருக்கி வழியாக மலை முழுவதும் கேட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. எதை அமுக்கினால் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அது தானாக நின்றது. மூச்சு விடுவதற்குள் மறுபடியும் அடித்தது.

நான் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கயிறு போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பாறையில் கால் ஊன்றி நின்று, மேலே அண்ணாந்தார்.

"மாப்ள, ஒன் போன் அடிக்கிதுடா."

"அடிச்சுட்டுப் போகுது" என்றார் மாமா. "நீங்க பாத்து எறங்குங்க மச்சான்."

ஒரு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான். மைக் அதையும் எடுத்து எல்லோருக்கும் சொல்லிற்று. எங்கள் ஊர்ச் சனங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அப்பா கீழே இறங்கி, அட்டைக் கூட்டில் ஒரு பங்கை விட்டுவிட்டு மீதியை அறுத்து எடுத்துக்கொண்டு தரையில் நின்றார். அப்போது எழுந்த கைதட்டல் எதிர்மலையிலும் எழுந்தது. அது முடிந்ததும் பி.டி. சார் என்னிடமிருந்து மைக்கை வாங்கி ஆறாம் வகுப்பைக் கூப்பிட்டார். என் கடைசி வரி என் வாயிலேயே இருந்துவிட்டது.

அழுதுகொண்டே அம்மாவைத் தேடினேன். அவள் கூட்டத்தின் கடைசியில், சமையல் கொட்டகைப் பக்கத்தில், சத்துணவு சமைக்கிற அக்காவோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த அக்காவின் போனை அப்போதுதான் காதிலிருந்து எடுத்தாள். மறு கையில் நான் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதம் இருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெற்ற மகள் முதல்முறையாக மைக்கில் பேசுகிறாள், தாய் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"நான் பேசுனத ஒரு வரியாச்சும் கேட்டியா? அப்படி யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்த?"

அம்மா பாறைப் பக்கம் பார்த்தாள். அங்கே மாமா கயிற்றைச் சுருட்ட, அப்பா மறு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

"ரெண்டு தடவ அடிச்சேன் தாயி. எடுக்கவே இல்ல" என்றாள்.

எடுக்காத போனுக்காக ஒருத்தி அவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை. அந்தக் கோபத்தில் அவள் கொடுத்த சுண்டலைக்கூட நான் வாங்கவில்லை.