வரிசையின் கடைசி மிதிவண்டி

வடசென்னையின் தோழர்களே, நூர்ஜகானோடு ஒருமுறையேனும் மிதிவண்டி மிதித்தவர்களே, கேளுங்கள். அவரைக் கொன்ற சரக்குந்துகள் இன்று காலையும் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓடின. அவர் நடத்திய மிதிவண்டி உலாவுக்குத் தடை விதித்திருக்கிறார்கள். நசுங்கியவருக்குத் தடை, நசுக்கியதற்கு வழி. இந்தச் சினத்தோடுதான் எழுதுகோலை எடுத்தேன். எழுதி முடிக்கும்போது இது ஆறிவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம்.

செய்தி எனக்குத் தொலைபேசியில் வரவில்லை. மிதிவண்டி மிதிவண்டியாக, வரிசையின் வாலிலிருந்து தலைக்கு வந்தது. ஞாயிறுதோறும் விடியலில் இராயபுரத்தில் கூடி, பழைய தெருக்களின் வழியே திருவொற்றியூர் வரை மிதிப்போம். காரைச் சுவர் வீடு, சுதைச் சிற்பம் நிற்கும் முகப்பு, வளைவு வாயிலுள்ள கிடங்கு என்று நின்று நின்று பார்ப்போம். தலையில் நான் செல்வேன். நின்ற இடத்தில் கட்டடத்தைப் பற்றிப் பேசுவது என் பணி. வாலில் நூர்ஜகான் அக்கா வருவார். கடைசி வண்டி வந்து சேர்ந்ததும் தம் வண்டியிலிருந்த பித்தளை ஹாரனின் இரப்பர்க் குமிழை ஒருமுறை அமுக்குவார். அதுவரை நான் பேசக்கூடாது. "ஹாரன் கேக்காம வாயத் தொறக்காதீங்க தலைவரே. கடைசில வரவனுக்கும் ரெண்டு காது கீதுல்ல" என்பது அவர் போட்ட சட்டம்.

அன்று பழைய உப்புக் கிடங்கின் முன் காலூன்றி நின்றேன். முதற் சொல் நாவில் இருந்தது. ஹாரன் ஒலிக்கவில்லை. தலைகள் ஒவ்வொன்றாகப் பின்புறம் திரும்பின. "பின்னால நின்னுட்டாங்க" என்றார் ஒருவர். "யாரோ வுழுந்துட்டாங்களாம்" என்றார் அடுத்தவர். அதற்கடுத்து வந்தது ஒரே சொல்: "அக்கா."

ஓடினேன். இடப்பக்கம் நெடுக, துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் பெட்டகச் சரக்குந்துகள். நீங்கள் கண்டெய்னர் என்பீர்கள். பாதிச் சாலையை அவை விழுங்கியிருந்ததால் மிதிவண்டிகள் நடுச்சாலைக்குத் தள்ளப்பட்டன. பின்னாலிருந்து வந்த இன்னொரு சரக்குந்து நின்ற இடத்தில் அவர் கிடந்தார். தலைக்கவசம் முழுதாக இருந்தது. அதற்குக் கீழே எதுவும் முழுதாக இல்லை. குருதி அவர் வண்டியின் முறுகிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. மேடைகளில் குருதி என்ற சொல்லை எத்தனையோ முறை முழங்கியிருக்கிறேன். அது இவ்வளவு சூடாக மணக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

யார் இந்த நூர்ஜகான்? வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். திருவொற்றியூரில் ஒரு பெட்டகக் கிடங்கின் வாயிலில் அமர்ந்து சரக்குந்துகளுக்கு நுழைவுச் சீட்டு வழங்கும் வேலையில் இருந்தவர். ஆறு நாள் ஊர்திகளின் இரைச்சலில் இருந்துவிட்டு ஏழாம் நாள் மிதிவண்டியில் ஊரைப் பார்க்கப் புறப்பட்டவர். தண்டையார்ப்பேட்டையில் ஒரு தெருமுனைக் கூட்டத்தில் பேசி முடித்து மேடையிலிருந்து நான் இறங்கியபோதுதான் அவரை முதலில் கண்டேன்.

"இன்னா தம்மு தலைவரே உங்களுக்கு. மைக்கே வாணாம் போலகீதே. ஞாயித்துக்கெழம சும்மாதான கீறீங்க?"

"நான் மிதிவண்டி ஓட்டி நெடுங்காலம் ஆகிறது, அம்மையீர்."

"அம்மையீரா? எங்க வூட்ல கேட்டா ஒரு வாரம் சிரிப்பாங்க. அக்கான்னு சொல்லுங்க போதும். வண்டி நான் குடுக்கறேன், வாய நீங்க எடுத்துகினு வாங்க."

என் வாயை எடுத்துக்கொண்டு போன முதல் ஞாயிறு, இராயபுரத்தின் பழைய தொடர்வண்டி நிலையத்தின் முன் நின்று, "இம்முகப்புத் தூண்களை நோக்குங்கள். வணிகத்தின் செருக்கு சுண்ணம் பூசி நிமிர்ந்து நிற்கிறது" என்றேன். மிதிவண்டிகள் விழித்தன. வாலிலிருந்து ஒரு குரல் வந்தது: "துட்டு இருந்துச்சு, காட்டிக்கினான். அவ்ளோதான். இது கட்டசொல்ல செங்கல் சொமந்தவன் பேரு எங்கனா கீதா பாருங்க." அனைவரும் தூண்களை நோக்கி நடந்தார்கள். அன்றுமுதல் ஒவ்வொரு கட்டடத்திலும் என் பேச்சின் முடிவில் அவருக்கு ஓர் இடைவெளி விட்டேன். அந்த இடைவெளிக்காகவே பலர் வந்தார்கள் என்பதை நான் அறிவேன்.

அவர் மென்மையானவர் என்று எவரேனும் இரங்கற்பா பாடினால் நம்பாதீர்கள். காசிமேட்டுப் பக்கம் ஒரு சந்தில், புதிதாய் வந்த ஓர் இளைஞர் சுவரின் வண்ணத்தைப் படமெடுப்பதாகச் சொல்லித் திறந்திருந்த கதவுக்குள் படக்கருவியை நீட்டினார். உள்ளே ஒரு பெண் தலைவாரிக்கொண்டிருந்தார். வெளியே வந்து ஓங்கி ஓர் அறை விட்டார். "இன்னா பாக்குற? சர்க்கஸா நடக்குது இங்க?" இளைஞர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "ஒன்னு போதுமா தாயி? இன்னொன்னு குடு, நான் புடிச்சிக்கறேன்." பிறகு எங்கள் அனைவரையும் பார்த்து, "வூட்டப் பாரு. வூட்டுக்குள்ள பாக்காத" என்றார். படம் அழிக்கப்பட்ட பின்னரே மிதிவண்டிகள் நகர்ந்தன.

தண்டையார்ப்பேட்டையில் சுதைச் சிங்கங்கள் இரண்டு காவலிருந்த மாடி வீட்டை நாங்கள் வழக்கமாகப் பார்ப்போம். ஒரு ஞாயிறு போனபோது இடிக்கும் பொக்லைன் எந்திரம் அதன் மார்பில் கைவைத்திருந்தது. முதற் சிங்கத்தின் தலை எங்கள் கண்முன் தெருவில் விழுந்து உடைந்தது. இடிக்க வந்த ஆட்களில் ஒருவன் போகச் சொல்லிக் கத்தினான். போகாததால் செங்கல்லை எறிந்தான். அது அக்காவின் நெற்றியைப் பிளந்தது. புருவம் வழியே வடிந்ததைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு எங்களிடம் திரும்பினார். "கட்டடத்தப் பாக்கத்தான வந்தீங்க? அது சாவறதையும் பாத்துட்டுப் போங்க. கண்ண மூடாத." இரண்டாம் சிங்கம் விழும்வரை நின்றோம். அந்தத் தழும்போடுதான் அவரை அடக்கம் செய்தோம்.

வாலில் ஏன் வருகிறீர்கள், நடத்துகிறவர் தலையில் அல்லவா வரவேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "லாரி முன்னாலருந்தா வருது?" என்று திருப்பிக் கேட்டார்.

அவர் மிகக் கொடிய சினம் கொண்டதை நான் கண்டது சரக்குந்து ஓட்டுநர் ஒருவரைக் காப்பாற்றியபோது. சுங்கச்சாவடிக்கு அருகே எங்களில் ஒருவரைச் சரக்குந்து உரசிச் சென்றது. விழுந்தவரின் கை முறிந்தது. தெருவே திரண்டு ஓட்டுநரைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்தது. வாயில் குருதி, ஒரு கண் மூடிவிட்டது. அக்கா தம் மிதிவண்டியைத் தூக்கிக் கூட்டத்துக்கும் அவருக்கும் நடுவே எறிந்தார். கையில் காற்றடிக்கும் பம்பு. "எவனாவது கை வச்சான், மணிக்கட்ட ஒட்ச்சிருவேன். மூணு நாளா ரோட்லயே நின்னுகினுகீறான். தூங்கல, துன்னல. இவன அடிச்சா ரோடு அகலமாவுமா? சொல்லுடா, அகலமாவுமா?"

சாலை எப்படி அகலமாகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தாம் வேலை செய்த கிடங்கின் மதிலுக்குள் முள் முளைத்துக் கிடந்த வெற்றுத் திடலை அவர் நாள்தோறும் பார்த்தார். காத்திருக்கும் சரக்குந்துகளை அங்கே விடுங்கள், ஓட்டுநர்கள் தூங்கட்டும், சாலை திறக்கட்டும் என்று மேலாளரிடம் பலமுறை கேட்டார். "ரோடு எல்லாருக்கும் சொந்தம், எடம் எங்களுக்குச் சொந்தம்" என்று விடை வந்ததாம். அதை என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஒரு நாள் நம்ம டூர அந்த கேட்டாண்ட நிறுத்தணும் தலைவரே. பழைய கட்டடம் இல்லதான். ஆனா பாக்க வேண்டிய எடம்."

அவர் விழுந்த காலையும் தெரு திரண்டது. ஓட்டுநரை இழுத்தார்கள். கல்லும் செருப்பும் பறந்தன. ஒருவர் இரும்புக் கம்பியோடு ஓடிவந்தார். அப்போது எங்கள் மிதிவண்டிகள் நகர்ந்தன. எவரும் ஆணையிடவில்லை. நம் தோழர்கள் அழுதுகொண்டே அவற்றை, ஒன்றன் கைப்பிடியை ஒன்று தொடும்படி, அந்த மனிதரைச் சுற்றி வட்டமாக நிறுத்தினார்கள். முன்பு காசிமேட்டில் அறை வாங்கிய அதே இளைஞர்தான் முன்னால் நின்று, தொண்டை கிழிய, "இவன அடிச்சா ரோடு அகலமாவுமா?" என்று கேட்டார். அவர் தோளில் கம்பி இறங்கியது. வட்டம் உடையவில்லை. வட்டத்துக்குள் ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டு கதறியது என் காதில் இன்னும் இருக்கிறது: "எங்க கேட்டு அக்காங்க இது. எனக்குச் சீட்டு குடுக்கற அக்காங்க. கண்ணு சொருகிடுச்சுங்க, ஐயோ, கண்ணு சொருகிடுச்சு."

தோழர்களே, அந்த மனிதரைச் சிறையில் வைத்துவிட்டார்கள். எங்களை அழைத்த ஓர் அதிகாரி, இனி உலா கூடாது, உங்கள் பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறோம் என்றார். சாலையில் நிற்கும் சரக்குந்து வரிசையை எடுப்பீர்களா என்றேன். அது வேறு துறை என்றார். திடல் இன்னும் முள் முளைத்துக் கிடக்கிறது. தூங்காத கண்கள் இன்றும் இந்தச் சாலையில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அடுத்துச் சாகப்போகிறவர் இப்போது எங்கோ தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் உங்கள் வீட்டவராக இருக்கலாம்.

அவருடைய ஹாரன் இப்போது என்னிடம் இருக்கிறது. பித்தளைக் குழல் நசுங்கிவிட்டது. குமிழ் கிழிந்ததால் புதிது மாட்டினேன். ஒலி கரகரக்கிறது. ஆனால் கடைசி வரை கேட்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஹாரனும் அதற்குரிய இடமும். இனி வரிசையின் தலையில் நான் வரமாட்டேன். வாலில் வருவேன். முன்னால் நின்று பேச உங்களில் ஒருவர் வாருங்கள்.

வரும் ஞாயிறு, தடை இருக்கட்டும், விடியலில் இராயபுரத்தில் கூடுங்கள். மிதிவண்டி உள்ளவர்கள் அதில் வாருங்கள், இல்லாதவர்கள் நடந்து வாருங்கள். உப்புக் கிடங்கில் நிற்கமாட்டோம். அக்கா சீட்டுக் கொடுத்த அந்த வாயிலில் போய் நிற்போம். திடலின் கதவு திறந்து, சாலையில் நிற்கும் முதல் சரக்குந்து உள்ளே நுழையும்வரை அவ்விடத்தை விட்டு நகரமாட்டோம். ஓட்டுநர்களே, நீங்களும் இறங்கி எங்களோடு நில்லுங்கள், தூக்கம் உங்களுடையது.

கடைசி வண்டி வந்து சேர்ந்ததும் நான் ஹாரனை அமுக்குவேன். அதுவரை எவரும் பேச வேண்டாம். அது ஒலித்த பிறகு, கதவு திறக்கும்வரை எவரும் வாயை மூட வேண்டாம்.