சோப்பு டப்பாவுக்குள் எண்ணூறு

என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் நிறம் பார்க்கும் வேலை. ஜன்னலே இல்லாத அறை, தலைக்கு மேல் குழல் விளக்குகள். மாதிரித் துணியையும் சாயம் ஏறிய துணியையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே நிறம்தானா என்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் சோறு போடுகிறது. இந்த வருஷம் இரண்டு தடவை கருநீலத்தைக் கறுப்பு என்று சொல்லிவிட்டார். இன்னொரு தடவை தப்பினால் வீட்டுக்குப் போகலாம் என்றார் மேலாளர்.

"விளக்கு மங்கிப்போச்சு சார்" என்று சாதித்திருக்கிறார் இவர்.

"அளந்து காட்டுங்க, மாத்திடறேன்."

சும்மா இருப்பாரா மனுஷன்? அளக்கிற கருவியைத் தானே செய்வாராம். உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பலகை, அதற்கொரு மெமரி கார்டு, நகத்தளவு வெளிச்ச சென்சார், கலர் கலராக நாலு ஒயர், எண் காட்ட ஒரு திரை. என் சாப்பாட்டு மேசை போச்சு. பழைய போன் சார்ஜரைச் செருகினால் பலகை அணைந்து அணைந்து எரிந்தது. கரண்ட் பத்தவில்லையாம், வேறு சார்ஜர் வந்தது. என் சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு எல்லாவற்றையும் அதற்குள் அடைத்தார்.

பட்டறையில் அளந்துவிட்டு முகம் செத்து வந்தார்.

"வெளிச்சம் அறுநூறு லக்ஸ் இருந்தா போதும். இது எண்ணூறு காட்டுது. சென்சார் பொய் சொல்லுது."

சென்சாரை மாற்றினார். எண்ணூறு. கார்டு, ஒயர், கடைசியில் பலகையையே மாற்றினார். எண்ணூறேதான்.

"ஏங்க, கண்ண ஒருதரம் காட்டிட்டு வந்துடலாமா?" என்றேன்.

"என் கண்ணுக்கு என்ன கேடு?" என்று எரிந்து விழுந்தார். அப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

அதற்குள் மேலாளரே கேட்டுவிட்டார்: நாளைக்கு டப்பாவைக் கொண்டு வாங்க, எல்லார் முன்னாலயும் அளப்போம். எண்ணூறு வந்தால் கோளாறு விளக்கில் இல்லை என்று ஊருக்கே தெரியும். முடியாது என்று சொன்னாலும் அதேதான். வசமாக மாட்டிக்கொண்டோம்.

காலையில் அவர் குளிக்கப் போனதும், சார்ஜரில் செருகியிருந்த டப்பாவைத் திறந்து ஒரு ஒயரைப் பிடுங்கினேன். திரை வெறுமையானது. திரும்பினால் துண்டோடு நிற்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒயரை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கறுப்பா, நீலமாம்மா?"

"நீலங்க."

"எங்க இருந்துச்சு, காட்டு."

காட்டினேன். செருகினார். டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.