சந்திர மண்டலத்தாரின் மாதத் திட்டம்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டில் கூடுகிறவர்களுக்கு அப்பா வைத்திருந்த பெயர் சந்திர மண்டலத்தார். அப்பா பத்திரிகையைத் தவிர வேறெதையும் வாசிக்காதவர். அதையும் மரண அறிவித்தல்களிலிருந்து தொடங்குகிறவர். வேலைக்குப் போய்ச் சம்பளம் எடுக்கிற பெரிய மனிதர்கள் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்து, வேற்றுக் கிரகத்துக்குப் போகும் கப்பலைப் பற்றியும் நெருப்புக் கக்கும் பறவை நாகத்தைப் பற்றியும் தொண்டை வரளக் கதைப்பது அவருக்கு விளங்கவேயில்லை. ஆனாலும் அவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிறவர் அவர்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் மேல்மாடி வீடு எங்களுடையது. ரயில் போகும்போதெல்லாம் கதை நிற்கும். கடைசிப் பெட்டியும் போன பிறகு, நின்ற சொல்லிலிருந்தே மறுபடி தொடங்கும். யுத்த காலம். ஒரு தமிழ் வீட்டில் நாலு பேர் சேர்ந்து கூடினாலே ஏன் என்று யாராவது கேட்பார்கள். அதனால் கீழ்வீட்டிலிருந்த சிங்கள வீட்டுக்காரி நோனாவிடம் எனக்குப் பிறந்தநாள் என்று அப்பா சொல்லிவைத்தார். அடுத்த மாதம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதையே திரும்பவும் சொன்னார். அதன் பிறகு எனக்கு மாதா மாதம் பிறந்தநாள் வந்தது. நோனாவும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் மாதா மாதம் அச்சுமுறுக்கு மாதிரியான கொக்கிஸ் ஒரு தட்டுப் பொரித்து அனுப்பினார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் நான் இப்போது நூற்றாண்டைக் கடந்த கிழவி.

கூட்டத்தைத் தொடங்கியவர் சித்தி. அம்மாவின் தங்கை. கோட்டையில் ஒரு கந்தோரில் வேலை, எங்கள் வீட்டில் இருப்பு. அந்தக் கந்தோரிலேயே வேலை பார்த்த சிங்கள இளைஞர் ஒருவர் பாமன்கடையிலிருந்து வருவார். அவரை நான் அய்யே என்று கூப்பிடுவேன், அவர் என்னை நங்கி என்பார்; சிங்களத்தில் அண்ணா, தங்கச்சி. இயந்திர மனிதர்கள் வராத கதையை அவர் கையால் தொடமாட்டார். துறைமுகத்தில் வேலை செய்த கொட்டாஞ்சேனை அன்ரி, காலைப் பூசைக்கு உடுத்த சேலையோடே பின்னேரம் வந்து சேருவார். மந்திரவாதிகளும் பறவை நாகங்களும் அவருடைய பகுதி. இதெல்லாம் வாசிப்பது பாதருக்குத் தெரியுமா என்று அம்மா ஒருநாள் கேட்டார். "அவருக்கும் ரெண்டு குடுத்திருக்கேன். இன்னும் திருப்பித் தரல்ல" என்றார் அன்ரி.

நாலாவது ஆள் லொட்ஜ் அண்ணா. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போவதற்காகக் கொழும்புக்கு வந்து, ஏஜென்சிக்காரன் கூப்பிடும்வரை பக்கத்துத் தெரு லொட்ஜில் காத்திருந்தவர். மருதானையில் நடைபாதைப் புத்தகக் கடையொன்றில் சித்தி ஒரு புத்தகத்தின் ஒரு முனையையும் இவர் மறுமுனையையும் பிடித்தபடி நின்றார்களாம். புத்தகம் தடிப்பாயிருந்ததால் இவர் விட்டுக்கொடுத்துவிட்டாராம். அப்படித்தான் பழக்கம்.

புத்தகங்கள் கொஞ்சம், ஆசை அதிகம். ஒரு புத்தகத்துக்கு ஒரே பிரதிதான் இருக்கும். அதனால் வரும் மாதம் யார் எதை வாசிப்பது என்று முதல் ஞாயிறன்றே ஒவ்வொருவரும் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பெயர் பிளான். ஒரு புத்தகம், ஒரு மாதம், ஒரு ஆள் என்பது சட்டம். கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் சித்தி அதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவார். சொல்லும்போதே மற்றவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். இதற்கு முன் அதை வாசி, அதற்கு நடுப்பகுதி இழுக்கும், விட்டுவிடாதே என்று ஆளாளுக்குச் சொல்லுவார்கள். வாசிப்பதைவிட வாசிக்கப் போவதைப் பற்றிக் கதைப்பதில்தான் அவர்களுக்கு அதிக சந்தோஷம் என்று எனக்குத் தோன்றும்.

எனக்கும் பிளான் வேண்டும் என்று பத்து வயதில் அடம்பிடித்தேன். கடைசியாக வாசித்த கதையைச் சொல்லிக் காட்டு, பிறகு பார்ப்போம் என்றார் அன்ரி. நிலவுக்கு ஏணி கட்டுகிற ஒரு சிறுவனின் கதையை நான் சொல்லத் தொடங்கினேன். இரண்டு ரயில்கள் போயின. தேத்தண்ணி ஆறிப்போனது. சிறுவன் பாதி ஏணியில் நிற்கையில் அய்யே இரண்டு கைகளையும் உயர்த்தி, "நங்கி மெம்பர்! மெம்பர்! நிப்பாட்டுங்க!" என்றார். அப்படி நானும் சந்திர மண்டலத்தாரில் ஒருத்தியானேன்.

அங்கத்தவரானதும் நான் செய்த முதல் வேலை மற்றவர்களை எடைபோட்டது. லொட்ஜ் அண்ணாவிடம் ஒரு குறை கண்டேன். ஒவ்வொரு மாதமும் அவருடைய பிளானில் மெல்லிய புத்தகங்களாகவே இருந்தன. சிறுகதைகள், குறுநாவல்கள், ஒரு இருப்பில் முடிகிற சாமான்கள். சித்தியின் அலுமாரியில் கடலுக்குள் மூழ்கிய ராச்சியமொன்றைத் தேடிப் போகிறவர்களின் கதை ஏழு பாகங்களாக இருந்தது. ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி. அதைச் சித்தி எத்தனையோ தரம் அவர் பக்கம் தள்ளிப் பார்த்தார். அவர் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளுவார். தடித்த புத்தகமென்றால் அவருக்குப் பயமா என்று நான் நேரே கேட்டேன்.

"எனக்கு எப்ப வேணுமெண்டாலும் கோல் வரும், தங்கச்சி. பாதியில விட்டுட்டுப் போன கதை பிறகு வயித்துக்குள்ள கிடந்து உறுத்தும்" என்றார்.

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. புத்தகத்தையும் கொண்டு போகலாமே என்றேன். சித்தி பென்சிலால் மேசையில் தட்டி, "அடுத்த ஆள் பிளானைச் சொல்லுங்கோ" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அன்று காலை பொலிஸார் லொட்ஜைச் சுற்றிவளைத்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. சித்தி கலண்டர் தாளை எடுத்து வைத்தார், ஒன்றும் எழுதவில்லை. அய்யே குடையை எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அங்கே யாரிடம் என்ன பேசினார், எதில் கையெழுத்து வைத்தார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. விளக்கு வைக்கிற நேரம் இருவரும் ஒரே குடையில் வந்தார்கள். லொட்ஜ் அண்ணாவின் சேர்ட்டில் சிமெந்துத் தரையின் புழுதி. உள்ளே வந்ததும் அவர் கேட்டது, "என்ர பிளான் எழுதியாச்சோ?"

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். சித்தி மட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து அம்மா லொட்ஜ் அண்ணாவைக் காணும் போதெல்லாம், ஏஜென்சிக்காரன் கூப்பிட்டானா என்றுதான் முதலில் கேட்பார். அவர் சுகமாகப் போய்ச் சேர வேண்டுமென்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்ததும் அம்மாதான்.

சில மாதங்கள் கழித்து கோல் வந்தது. எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் வந்தது. லொட்ஜ் அண்ணா ஒரு மாலை வந்து எல்லோருக்கும் பயணம் சொன்னார். கடைசியாக எடுத்த புத்தகத்தைச் சித்தியிடம் நீட்டினார்.

"முடிச்சிட்டீங்களோ?" என்றார் சித்தி.

"ஓம். முடிச்சிட்டன்."

அவ்வளவுதான். ஒரு புத்தகத்தைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை பிடிக்கிற இருவருக்கும் அன்று கதைக்க ஒன்றுமில்லாமல் போனதைப் பார்த்து, அது அவ்வளவு மோசமான புத்தகமாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் படியிறங்கிப் போனதும், ஏழு பாகத்தில் முதலாவதை என் பிளானில் போடட்டுமா என்று சித்தியிடம் கேட்டேன். சாதாரணமாக, உனக்கு இன்னும் வயது வரவில்லை என்று சொல்லுகிறவர். அன்று, "எடு. எனக்கு இனி அது வேண்டாம்" என்றார். என் அதிர்ஷ்டத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. சித்தி தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்தாலும் தன்னுடைய இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. இந்த மாதம் வாசிக்க மனமில்லை என்றார். அய்யே இரண்டு புத்தகம் சொன்னார். நான் எழுந்து நின்று, "ஏழு பாகத்தில முதலாம் பாகம்!" என்று அறிவித்தேன். எழுதியாயிற்று. கொட்டாஞ்சேனை அன்ரியின் முறை வந்தது. அன்று அவர் வந்ததிலிருந்தே இருக்கையில் சரியாக இருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"என்ட பிளானுக்கு முதல் இன்னொராள்ட பிளான் சொல்லணும்" என்றார். "இந்த மாசம் ஏழு பாகத்தில முதலாம் பாகம். அடுத்த மாசம் ரெண்டாம் பாகம். அதுக்கு அடுத்த மாசம் மூணாம் பாகம்." கோவிலில் மன்றாட்டுச் சொல்லுகிற ராகத்தில் ஏழாம் பாகம் வரை நிறுத்தாமல் போனார். "அது முடிஞ்சா என்ன வாசிக்கிறண்டு இன்னும் யோசிக்கல்லயாம்."

"முதலாம் பாகம் என்னட்ட!" என்று கத்தினேன். "எழுதியாச்சு!"

யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சித்தியின் பென்சில் தாளுக்கு மேலே அப்படியே நின்றது. "ஆரின்ர பிளான் அது?" என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

அன்ரி எழுந்துபோய்க் கதவைத் திறந்து படிக்கட்டைப் பார்த்து, "போதும் தம்பி ஒளிஞ்சு நின்டது. மேல வாங்க!" என்றார்.

லொட்ஜ் அண்ணா வந்தார். தோளில் பயணப் பை, கையில் ஒரு தட்டுக் கொக்கிஸ். படிக்கட்டில் ஒளிந்து நின்றவரை நோனா பிடித்து, மேலே போவதானால் இதையும் கொண்டுபோ என்று கொடுத்திருக்கிறார்.

விமான நிலையத்துக்குப் போன வான் வண்டியில் அவரும் ஏறித்தான் இருந்தார். களனிப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். "பாலம் தாண்டினா பிறகு இறங்க மனம் வராது எண்டு தெரிஞ்சுது" என்றார். கிராண்ட்பாஸ் வழியாகப் பையைச் சுமந்து நடந்து, அந்தப் பக்கத்தில் தெரிந்த ஒரே வீடான அன்ரி வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறார்.

அய்யே கதிரையிலிருந்து எழுந்து கைதட்டத் தொடங்கினார். அம்மாவுக்குக் கோபம். "என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர் தம்பி! சனம் போக வழியில்லாமல் நிண்டு அழுதுகொண்டிருக்கு. நாளைக்கு வந்து திரும்பப் பிடிச்சுக்கொண்டு போனால் என்ன செய்வீர்?"

"ஓம் அக்கா" என்றார் அவர். பிடிப்பார்கள் என்று ஒப்புக்கொள்கிறாரா, எல்லாம் யோசித்துத்தான் வந்தேன் என்கிறாரா என்று தெரியவில்லை. ஆனால் அவருடைய முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரவை இருக்கிறதா பார்க்கக் குசினிக்குப் போனார்.

பல்கனியிலிருந்த அப்பா உள்ளே வந்தார். சந்திர மண்டலத்தாரின் கூட்டத்தில் அவர் கதிரை இழுத்துப் போட்டு இருந்தது அதுதான் முதல் தடவை. "ஏழு பாகம் வாசிக்க எவ்வளவு காலம் பிடிக்கும்?" என்று கேட்டார்.

"வசதியா இருந்து வாசிச்சா நல்லாக் காலம் எடுக்கும், அண்ணை."

"அப்ப லொட்ஜில இருந்து வாசிக்கேலாது. வேலையொண்டு பாக்க வேணும். முதல்ல ஊருக்கு, உம்மட வீட்டு ஆக்களுக்கு ஒரு காயிதம் போடுவம்."

தன் மாமாவின் அச்சகத்தில் ஆள் தேடுகிறார்கள் என்றார் அய்யே. ஒரு புத்தகம் வாசிக்க யாழ்ப்பாணத்துக்கு எழுதி அனுமதி கேட்க வேண்டுமா என்று நான் வியந்தேன். என் கவலை வேறு. முதலாம் பாகம் என் பெயரில் எழுதப்பட்டுவிட்டது; அதை இப்போது பறிக்கப் பார்க்கிறார்கள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு புத்தகம், ஒரு மாதம், ஒரு ஆள் என்று சட்டத்தைச் சத்தமாகச் சொன்னேன். அன்ரி முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, பிள்ளை சொல்வது சரி, சட்டம் சட்டம்தான் என்றார். லொட்ஜ் அண்ணா, தான் காத்திருக்கத் தயார், இப்போது நேரம் இருக்கிறது என்றார்.

சித்தி அப்போதுதான் பென்சிலை மேசையில் வைத்தார். "நீ பள்ளிக்கூடத்தால வந்து வாசி. பின்னேரம் விளக்கு வைச்சாப் பிறகு நாங்கள் வாசிக்கிறம்" என்றார்.

"நாங்கள் எண்டா ஆர்?"

"நானும் அவரும்."

அன்ரி இரண்டு கைகளாலும் மேசையில் அடித்துச் சிரித்தார். அய்யே லொட்ஜ் அண்ணாவின் முதுகில் ஓங்கித் தட்டியதில் தட்டிலிருந்த கொக்கிஸ் நாலு பக்கமும் பறந்தது. என்ன பெரிய பகிடி நடந்துவிட்டது என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு அந்த ஏற்பாட்டிலேயே ஒரு பிழை தெரிந்தது.

"ஒரு புத்தகத்தை ரெண்டு பேர் எப்பிடி ஒண்டா வாசிக்கிறது? ஆர் பக்கத்தைத் திருப்புறது? ஒராள் கெதியா வாசிச்சு முடிச்சா மற்றாள் என்ன செய்யிறது?"

சித்தி சிதறிய கொக்கிஸைப் பொறுக்கத் தொடங்கினார். லொட்ஜ் அண்ணா பயணப் பையின் வாரைச் சரிசெய்தார். பதில் சொன்னவர் அப்பா.

"முதல் கொஞ்ச நாள் சண்டை வரும், பிள்ளை. பிறகு, மற்றாள் எந்த வரியில நிக்கிறார் எண்டு கேக்காமலே தெரியும்."

ரவை வறுத்துக்கொண்டிருந்த அம்மா, அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்து அவரைப் பார்த்தார். அப்பா அவசரமாகப் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஒரு கதைப் புத்தகத்தை, அதுவும் இன்னொருவரோடு சேர்ந்து, ஒருநாளும் கையில் எடுத்திராத மனிதருக்கு இந்த விஷயம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரிந்தது என்று, கேசரி சாப்பிட்டு முடியும்வரை நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.