மர்லேனி வீட்டு முகவரி

காலி என்னும் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், காவ்கா ஆறு ஊருக்குள் புகுந்துவிடாமல் இருக்கப் போட்ட மண்கரையின் மேல் பலகை வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதில் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் ஒனேய்தா அங்குலோ. பகலெல்லாம் அம்மா தோமாசாவோடு தெருமுனையில் சொந்தாதூரோ என்ற பனைவகைப் பழத்தை வேகவைத்து உப்பும் தேனும் தொட்டு விற்றாள். மாலை வகுப்பில் ஆறு வருஷம் கணக்கியல் படித்தாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பட்டமளிப்பு அன்று தோமாசா கட்டடத்துக்குள் நுழையத் தயங்கி வாசலிலேயே நின்றுவிட்டாள் என்பதும், காவலாளி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான் என்பதும் கரைமேல் எல்லோருக்கும் தெரியும்.

பட்டம் வாங்கிப் பதினான்கு மாதம் ஆகியும் வேலை வரவில்லை. எழுத்துத் தேர்வில் தேறுவாள். நேர்காணலிலும் தேறுவாள். அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வீடு பார்க்க வருவாள். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் கௌரவமான வேலை என்றால் இந்தக் கடைசிப் படி உண்டு. அடுப்பைப் பார்ப்பார்கள், குளியலறையைப் பார்ப்பார்கள், யார் எந்தக் கட்டிலில் படுக்கிறார்கள் என்று கேட்பார்கள், படம் எடுப்பார்கள். ஒனேய்தா வீட்டுக்கு இரண்டு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் மரியாதையாகக் காப்பி குடித்தார்கள், பலகை இடுக்கில் தெரிந்த ஆற்றைப் பார்த்தார்கள், நன்றி சொல்லிப் போனார்கள். பிறகு தொலைபேசி அடிக்கவே இல்லை.

மர்லேனி ரியாஸ்கோஸ் அவளுடைய பள்ளித் தோழி. மர்லேனி பல்கலைக்கழகம் போகவில்லை. அலுவலக வேலைக்கான இரண்டு வருஷப் படிப்பு முடித்து, அதற்கும் வேலை கிடைக்காமல், வீட்டில் பள்ளிச் சீருடை தைத்தாள். அம்மா செத்தபோது விட்டுப்போன செங்கல் வீடு அவளுக்கு இருந்தது. தார் ரோட்டின் மேலேயே, ஓடு பதித்த தரையோடு. தோழிகள் இரண்டு பேருக்கும் சேர்த்து நேர்காணலுக்கென்று ஒரே ஒரு மேல்சட்டைதான், நீல நிறத்தில், மர்லேனி தைத்தது. ஒருத்திக்கு நேர்காணல் என்றால் மற்றவள் முதல்நாள் இரவு அதைத் தேய்த்து, இடுப்பில் ஊசி குத்தி அளவு பிடித்துக் கொடுப்பாள். அப்புறம் ஒத்திகை. மேலாளராக உட்காருவதில் மர்லேனிக்கு நிகர் கிடையாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்பாள்: “ஐந்து வருஷம் கழிச்சு உங்களை எங்க பார்க்கறீங்க?”

“இதே நாற்காலியிலதான் சார். நீங்க எழுந்து போயிருப்பீங்க.”

இருவரும் சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும்.

மூன்றாவதாக ஒரு மருந்து மொத்த விற்பனைக் கம்பெனியில் ஒனேய்தா நேர்காணல் தேறியபோது மர்லேனிதான் சொன்னாள், இந்தத் தடவை என் வீட்டைக் காட்டு என்று. அதற்கும் ஒத்திகை நடந்தது.

“சொந்த வீட்டுக்காரி சுவிட்சைத் தடவித் தேடமாட்டாடி. கண்ணை மூடிக்கிட்டு நட. ம், இப்ப சர்க்கரை டப்பா எடு. அது உப்பு, கழுதை.”

மர்லேனி தன் அம்மா படத்தைக் கழற்றி மெத்தைக்கு அடியில் வைத்தாள். அந்த ஆணியில் ஒனேய்தாவின் பட்டச் சான்றிதழ் ஏறியது. தண்ணீர் வரி ரசீது மர்லேனி அம்மாவின் பெயரில் இருந்தது. கேட்டால் பெரியம்மா என்று சொல்வதாக முடிவு. கிராசியெலா என்ற சமூகப் பணியாளர் அம்மாள் வந்தாள், பார்த்தாள், படம் எடுத்தாள். ‘இது என் குடும்ப வீடு, இங்கேதான் வசிக்கிறேன்’ என்ற தாளில் ஒனேய்தா கையெழுத்துப் போட்டாள். அத்தனை நேரமும் மர்லேனி முனைக் கடையில் ஒரு சோடாவை வைத்துக்கொண்டு, தன் வீட்டு வாசலை யாரோ ஒருவரின் வாசலைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை கிடைத்தது. தோமாசாவைவிட மர்லேனிதான் அதிகம் அழுதாள்.

இரண்டு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் அனுப்பிவிடலாம். ஆறாவது வாரத்தில் அதே கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் ஓர் இடம் காலியானது. ஒனேய்தா அன்று சாயங்காலமே கடையில் வேலை விண்ணப்பத்துக்கான மஞ்சள் படிவம் வாங்கிக்கொண்டு மர்லேனியிடம் ஓடினாள். தன் கையாலேயே நிரப்பினாள், தன் கையெழுத்து அழகு என்பதால். முகவரியையும் அவள்தான் எழுதினாள். எழுதும்போது எதுவும் உறைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் முகவரி என்பது அந்த நீலச் சட்டைபோலத்தான். தேவைப்பட்ட அன்றைக்குப் போட்டுக்கொள்வது, கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவது. திருப்பிக் கொடுத்த பிறகும் அது கம்பெனித் தாளில் இருக்கும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

மர்லேனி தேர்வில் தேறினாள். நேர்காணலிலும் தேறினாள். வெள்ளிக்கிழமை அவள் கைபேசிக்குச் செய்தி வந்தது: செவ்வாயன்று கிராசியெலா அம்மாள் பின்வரும் முகவரிக்கு வருவார். மர்லேனி அதை உரக்கப் படித்தாள். முகவரியின் பாதியில் அவள் குரல் நின்றுவிட்டது.

அன்று நெடுநேரம் வழி தேடினார்கள். உறவு என்று சொல்லலாமா? உறவினரைக் கம்பெனியில் சேர்ப்பதில்லை. வேறு வீடு காட்டலாமா? முகவரி எழுதிய படிவம் கம்பெனிக்குப் போய்விட்டது. இன்னொரு வழியும் இருந்தது, மர்லேனி விலகிக்கொள்வது. அதை மர்லேனியே சொல்லுவாள் என்று தான் காத்திருந்ததை ஒனேய்தா அப்போது தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. மர்லேனி அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? இருபத்தொன்பது வயதில் முதல் தடவையாக அவளை ஓர் அலுவலகம் கூப்பிடுகிறது.

“நீ என் வீட்டுல ஒரு ரூம்ல வாடகைக்கு இருந்தே, போன மாசம் காலி பண்ணிட்டே. கேட்டா நானும் அதைத்தான் சொல்வேன், நீயும் அதைத்தான் சொல்லணும். சரியா?”

“சரி.”

குடும்ப வீடு என்று போட்ட கையெழுத்தை இருவரும் நினைத்தார்கள். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாயன்று கிராசியெலா அம்மாள் வந்து கூடத்தின் நடுவில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாளாம். முன்பு இங்கே வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டாளாம். பேசி வைத்தபடி மர்லேனி சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஆள்சேர்ப்புப் பிரிவுத் தலைவர் உர்ரேகோ ஒனேய்தாவைக் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு படங்கள். ஒரே தரை ஓடு, ஒரே நீல ஜன்னல் கம்பி. ஒன்றில் சுவரில் சான்றிதழ், மற்றதில் அதே ஆணியில் மர்லேனியின் அம்மா. உர்ரேகோ கோபக்காரர் இல்லை. அதுதான் கெடுதல்.

“ஒனேய்தா, உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. அதனால நேராவே கேட்கறேன். இந்தப் பொண்ணு உங்க வீட்டை இரவல் வாங்கிக் காட்டியிருக்கா. அப்படித்தானே?”

வாடகை என்ற சொல் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் தான் போட்ட கையெழுத்து பொய். தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஒன்பது நாள். தோமாசாவுக்கு இந்த வேலையால் வந்த மருத்துவ அட்டையில் திங்கட்கிழமை முழங்காலுக்கு எக்ஸ்ரே. இதெல்லாம் அந்த நேரத்தில் யோசித்ததா, பிறகு காரணமாகச் சேர்த்துக்கொண்டதா என்று ஒனேய்தாவுக்கு இன்றும் தெரியாது. அவள் தலை கீழும் மேலுமாக ஒருமுறை அசைந்தது.

உர்ரேகோ ஒரு வரி எழுதினார். “நல்ல மனசு உங்களுக்கு. ஆனா இனிமே யாருக்கும் வீட்டைக் கொடுக்காதீங்க.”

“சரி சார்” என்றாள்.

சாயங்காலம் நேராக மர்லேனியிடம் போனாள். இடம் இல்லை என்ற செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒனேய்தா நின்றபடியே ஒன்றையும் விடாமல் சொன்னாள், உர்ரேகோ கடைசியில் சொன்ன புத்திமதி உட்பட. மர்லேனி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“வாயால சொன்னியா?”

“இல்ல. தலையாட்டினேன்.”

மர்லேனி துணியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

“உன் இடத்துல நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்னு சொல்லணும்னு பார்க்கறேன் ஒனே. வர மாட்டேங்குது.”

இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினாள். ஒனேய்தா கிளம்பி வந்துவிட்டாள்.

வேலை நிரந்தரமானது. முகவரியை மாற்ற முடியவில்லை. மாற்றினால் மறுபடி வீடு பார்க்க வருவார்கள், பலகை வீட்டைப் பார்ப்பார்கள். ஆகவே தாளில் ஒனேய்தா இன்றும் மர்லேனி வீட்டில்தான் குடியிருக்கிறாள். கம்பெனிக் கடிதம் ஏதாவது வந்தால் மர்லேனி அதை முனைக் கடையில் போட்டுவிடுவாள். கடைக்காரர் லிபார்தோ எடுத்து வைப்பார். எதிரே பார்த்தால் இருவரும் தலைகுனிந்து போவார்கள்.

டிசம்பரில் கம்பெனி ஒவ்வொருவர் வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் கூடை அனுப்பும். அன்று மத்தியானம் பட்டியலில் தன் பெயருக்கு நேரே ‘இன்று’ என்று இருந்ததை ஒனேய்தா பார்த்தாள். ஆளிடம் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று மர்லேனி சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. வேலை முடிந்ததும் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள்.

கூடை லிபார்தோவின் கடையில் இருந்தது. பளபளக்கும் தாள் பிரிக்கப்படவே இல்லை. மர்லேனி வைத்துவிட்டுப் போனதாக லிபார்தோ சொன்னார். வண்டிக்காரன் வாசலில் நின்று, ஒனேய்தா அங்குலோ நீங்களா என்று கேட்டது கடை வரைக்கும் கேட்டதாம்.

“அவ என்ன சொன்னா?”

“ஆமா, நான்தான்னு சொன்னா.”

கூடையில் செருகியிருந்த ரசீதில் மர்லேனியின் சாய்ந்த எழுத்தில் ஒனேய்தாவின் பெயர் இருந்தது.

ஒனேய்தா ரோட்டைக் கடந்து போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே தையல் இயந்திரம் நின்றது. அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.