பட்டப்பகலில் எரிந்த விளக்கு

என் காரின் முகப்பு விளக்குக்கு என்னைவிட அதிகம் தெரியும் என்ற நினைப்பு. ஈப்போ வீட்டுக் கொட்டகையில் எஞ்சினை முடுக்கியதும், இருட்டென்று தானே எரியும். வெயிலுக்கு வந்தபின் கொஞ்சம் யோசித்துவிட்டு அணையும். மரநிழல் பட்டால் மறுபடியும் எரியும். அப்போது முன்பலகையில் ஒரு சின்னப் பச்சைக் குறி வரும். அதைப் பார்த்தாலே எனக்கு மச்சான் நினைவுதான்.

மச்சான் என் அக்காவின் கணவர். சுங்காய் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். தொழிலாளர் லயத்து வீடுகளில் தொலைபேசி இல்லாத காலம் அது. ஈப்போ ஆஸ்பத்திரியில் யாராவது இறந்தால், உடலை அவர்தான் ஏற்றி வருவார். தோட்டத்து வளைவு வந்ததும் பட்டப்பகலிலும் லைட்டைப் போட்டுவிடுவார். பிழைத்தவரை ஏற்றி வந்தால் லைட் கிடையாது. செய்தியை வாயால் சொல்லும் தைரியம் தனக்கு இல்லை என்பார்.

போன வருடம் அவருக்கே நெஞ்சில் அறுவை சிகிச்சை. முட்டிவலி, அக்காவால் வர முடியவில்லை. தோட்டத்து வீட்டில் கிடந்து தவித்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் அவளை அழைத்தேன். எடுக்கவில்லை. போனை உள்ளே போட்டுவிட்டு வாசலிலேயே நின்றிருக்கிறாள், பாவம்.

மழை விட்ட மதியம். பழைய ரப்பர்க் காடு இப்போது எண்ணெய்ச் செம்பனை. மட்டைகள் மேலே கூடிக்கொண்டு, பாதையெங்கும் பச்சை மங்கல். மச்சான் கண் செருகிக் கிடந்தார். நானும் ஏதோ கனவுக்குள் ஓட்டுவதுபோல்தான் ஓட்டினேன். விளக்கு எரிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"ஐயோ, என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே!"

அக்கா மார்பில் அடித்துக்கொண்டு எதிரே ஓடி வந்தாள். வலித்த முட்டி எங்கே போனதோ! நான் பிரேக்கை மிதித்தேன். மச்சான் அவசரமாகக் கண்ணாடியை இறக்கினார்.

"ஏய், நான் இருக்கேன்லா! உன் தம்பி காடி தானா லைட்டு போடுது!"

"பாவி மனுஷா!" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடியும் திட்டினாள். நானும் சிரித்துவிட்டேன். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

"எத்தன வீட்டுக்கு இந்த லைட்ட போட்டுக்கிட்டு போயிருக்கேன் மச்சான்," என்றார் என்னிடம், மெதுவாக. "ரோட்டத்தான் பாப்பேன். ஒரு தடவகூட எதிர்ல நிக்கிறவங்க மொகத்த பாத்ததில்ல."

இப்போதும் அவரை மாதச் சோதனைக்கு நான்தான் கூட்டிப்போய் வருகிறேன். திரும்பும்போது வளைவுக்கு முன்பே விளக்கை அணைத்துவிடுவேன். அக்கா பயப்படுவாள் என்பதற்காக என்று மச்சான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அக்காவுக்காக இல்லை, அவருக்காக.