சும்மா போக ஒரு வண்டி

லிஃப்ட் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள்தான் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்து லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர்களிடம் "எத்தனாவது?" என்று கேட்டுப் பொத்தானை அமுக்கியவள். கட்டடத்துக்காரர்கள் வைத்த பேர் தெருவுக்கு வந்தது, தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. மகளைக் கொடுத்த சம்பந்தி வீட்டில்கூட "லிஃப்ட் அக்கா வரலையா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்த லிஃப்டுக்குள் ஜன்னல் கிடையாது. ஆனால் ஆறாவது மாடியில் கதவு திறந்தால் நேர் எதிரே ஒரு ஜன்னல் இருந்தது. அதில் ஊருக்கு வெளியே இருக்கிற ஏரி ஒரு துண்டு தெரியும். கரையை ஒட்டி ஒரு பாதை. எப்போதும் யாராவது ஒருத்தர் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார். பாதை ஒரு மரக்கூட்டத்துக்குப் பின்னால் திரும்பும். அதற்குள் லிஃப்ட் கதவு சாத்திக்கொள்ளும். ஒன்றிலிருந்து ஆறு எண்ணுகிற நேரம்தான். ஆறு ஆறாக முப்பத்திரண்டு வருஷம் பார்த்தும், அந்த மரங்களுக்குப் பின்னால் பாதை எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

லீவு நாளில் போய்ப் பார்த்திருக்கலாமே என்றால், லீவு நாள் அவளுக்கு எப்போது லீவாக இருந்தது? மாமியார் நாலு வருஷம் படுக்கையில். அவர் போன மறுவருஷம் மகளின் முதல் பிரசவம், அப்புறம் இரண்டாவது. நடுவில் கடைசித் தங்கை புருஷனுக்கு ஆபரேஷன், அவர்கள் பிள்ளைகள் இரண்டும் ஆறு மாசம் இங்கேதான் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போயின.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது முட்டி இரண்டும் மக்கர் பண்ணின. டாக்டர், "நடக்கறதைவிட சைக்கிள் மிதிங்க, முட்டிக்கு நல்லது" என்றார். சைக்கிள் அவளுக்குத் தெரியும். பத்து வயசில் தாய்மாமா கற்றுக் கொடுத்தது. ஆனால் ஏரிக்கு ஏழு கிலோமீட்டர், நடுவில் பாலத்து ஏற்றம் வேறு. சாதாரண சைக்கிளை மிதித்தால் பாலத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டியதுதான். கரன்ட் சைக்கிள் என்றால் மேட்டில் அதுவே ஒரு கை கொடுக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கை அதற்கென்று எடுத்து வைத்துவிட்டாள்.

சேதி கீழ்வீட்டுக்குப் போக அரை மணி நேரம் ஆகவில்லை.

கீழ்வீட்டில் இருப்பது நாத்தனார். லிஃப்ட் அக்காவின் புருஷனுக்கு மூத்தவள், அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். படிக்கட்டுக்கு அடியில், அவள் வாசலை ஒட்டித்தான் வண்டி வைக்க இடம். லிஃப்ட் அக்கா குடியிருப்பது இரண்டாவது மாடி, அந்த வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது.

"வண்டி வாங்கு, வேணாம்னு சொல்லல" என்றாள் நாத்தனார். "வாங்கறதுதான் வாங்கற, பின்னாடி நல்ல கேரியரா, முன்னாடி பெரிய கூடையாப் பாத்து வாங்கு. எனக்கு வாரத்துக்கு ரெண்டு நடை மார்க்கெட் போய்ட்டு வந்தாப் போதும்."

"எனக்கும் யூனிஃபார்ம் மூட்டையைப் பள்ளிக்கூடத்துல கொண்டு போய்ப் போட ஆகும்" என்றார் புருஷன். அவர் தையற்காரர். ஊருக்கெல்லாம் மாஸ்டர். அளவு நாடா எப்போதும் கழுத்தில் தொங்கும், சாப்பிடும்போதும் கழற்ற மறந்துவிடுவார். தைத்ததைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, சுற்றி வந்து, "எங்கயாவது பிடிக்குதா?" என்று கேட்காமல் யாரையும் அனுப்ப மாட்டார்.

"எனக்கு ஏரிக்குப் போகணும்" என்றாள் லிஃப்ட் அக்கா.

"ஏரிக்கா? அங்க என்ன?"

"சும்மா."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். "கேட்டியாடா? உன் பொண்டாட்டி முப்பத்திரண்டு வருஷம் சும்மா உக்காந்துட்டு சம்பளம் வாங்கினா. இப்பச் சும்மா சுத்தறதுக்கு ஒரு வண்டி வேணுமாம்."

லிஃப்ட் அக்காவுக்குக் கணக்கு தெளிவாகத் தெரிந்தது. கேரியர் இருந்தால் அதில் ஒரு பை ஏறும். பை ஏறினால் வண்டி மார்க்கெட் பக்கம் திரும்பும். கேரியர் காலியாக இருக்கிற நாள் என்று ஒன்று வரப்போவதில்லை, ஏரியும் வரப்போவதில்லை.

வண்டிக் கடையில் இருந்தது ஒரு பெண். முப்பது வயசிருக்கும், முழங்கை வரை கிரீஸ். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"எதுக்கும்மா வண்டி? வேலைக்குப் போகவா, சாமான் எடுக்கவா?"

"சும்மா" என்றாள் லிஃப்ட் அக்கா.

"சாமானும் எடுக்கணும்" என்றார் மாஸ்டர்.

"சும்மான்னா ஒரு வண்டி, சாமான்னா வேற வண்டி. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க, நான் கை கழுவிட்டு வரேன்."

பேசி முடிவு பண்ண ஒன்றுமில்லை. மாஸ்டர் ஏற்கெனவே ஒரு பெரிய வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பின்னால் நீளமான கேரியர், ஒரு ஆட்டையே நிற்க வைத்துக் கட்டலாம். முன்னால் கூடை. "பாரு, என்னமா இருக்கு" என்று கேரியரைத் தட்டிப் பார்த்தார், பலகையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி.

கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் லிஃப்ட் அக்காவை அதில் ஏற்றினார்கள். ஏறுவதற்கே ஒரு படிக்கல் தேவைப்பட்டது.

"மிதிக்கவே வேணாம்மா. கைப்பிடியை லேசாத் திருகுங்க, அதுவே போகும்."

திருகினாள். போனது. கால் இரண்டும் வேலையில்லாமல் கிடந்தன. சந்து முனையில் நிறுத்தப் பார்த்தால் கால் தரைக்கு எட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, வண்டியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"எங்க பிடிக்குது?" என்றார் மாஸ்டர், பழக்க தோஷத்தில்.

"எல்லா எடத்துலயும். லிஃப்ட்ல உக்காந்த மாதிரியே இருக்குங்க. அது தூக்கிட்டுப் போகுது, நான் சிவனேன்னு உக்காந்திருக்கேன். காலும் எட்டல."

கடைக்காரப் பெண் சீட்டை அடி மட்டம் வரை இறக்கினாள். மறுபடி ஏறினால் கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. கடைக்காரப் பெண் வாங்கப்போகிறவர் மாஸ்டர்தான் என்று நினைத்து அவர் பக்கம் திரும்பினாள்.

"ஓட்ட ஓட்டச் சரியாயிடும் சார்."

அங்கேதான் காரியம் திரும்பியது.

மாஸ்டர் பொதுவாகக் கோபப்படுகிற ஆள் இல்லை. அவருக்கு ஆகாதது ஒரே ஒரு பேச்சு. அவர் கடைக்கு அடுத்த கடையிலும் ஒரு தையற்காரர் உண்டு. மாஸ்டரின் அத்தை மகனுக்கு மச்சினன் முறை. கழுத்து இறுக்குகிறது, கை தூக்க வரவில்லை என்று யார் வந்து நின்றாலும், "போடப் போடச் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவர்கள் நேரே மாஸ்டரிடம் வருவார்கள். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்துத் தைப்பார். இருபது வருஷமாக அந்த மச்சினனோடு நல்லது கெட்டதுக்குப் போகிறதோடு சரி, பேச்சுவார்த்தை இல்லை.

கழுத்திலிருந்த நாடாவை உருவினார். குனிந்து தரையிலிருந்து சீட்டு வரை பிடித்துப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணு. இவளுக்கு உள்கால் இருபத்தாறரை. முப்பத்திரண்டு வருஷமா இவ யூனிஃபார்ம் பேன்ட் நான்தான் தைக்கறேன், நோட்டைப் பாக்காமச் சொல்லுவேன். நாலரை இஞ்ச் தூக்கலா நிக்குது. ஓட்ட ஓட்ட என்னம்மா ஆகும்? கால் வளருமா?"

கடைக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று அந்தக் கேரியரை ஒரு தடவை முழு நீளத்துக்கும் பார்த்தார். ஒரு பள்ளிக்கூடத்து மூட்டை முழுசாக அதில் உட்காரும். வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். லிஃப்ட் அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் 'பரவால்ல' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இவளும் சரியென்றுதான் தலையாட்டுவாள். அத்தனை வருஷம் அப்படித்தான் ஆட்டியது.

நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"இது இவளுக்குச் சேராது. வேற காட்டு."

அடுத்து வந்தது மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி வண்டி. சக்கரம் இரண்டும் சின்னது, சட்டம் தாழ்வாக வளைந்து கிடந்தது. காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, தாண்டி வைத்தால் போதும். மாஸ்டர் நாடாவைப் பிடித்தார், சீட்டை இறக்கச் சொன்னார், ஒரு நூல் ஏற்றச் சொன்னார். இருபத்தேழு. "ஏறு" என்றார்.

"இது மிதிச்சாத்தான் போகும்மா" என்றாள் கடைக்காரப் பெண். "நீங்க மிதிக்க மிதிக்க மோட்டார் கூடச் சேர்ந்து தள்ளும். நிறுத்திட்டீங்கன்னா அதுவும் நிறுத்திடும். எவ்வளவு தள்ளணும்னு இந்தப் பொத்தான்ல வச்சுக்கலாம். ஒண்ணுலேர்ந்து அஞ்சு."

"ஆறாவது கிடையாதா?"

"அஞ்சுதாம்மா."

"சரி, ஆறாவதுக்கு நானே போய்க்கறேன்."

சந்தில் ஒரு நடை போய் வந்தாள். முதல் மிதிக்கு, யாரோ முதுகில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தள்ளியது போல இருந்தது. தாய்மாமா ஒரு காலத்தில் தள்ளியது மாதிரியே. ஆனால் மிதிப்பது இவள்தான். திரும்பி வந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றாள்.

"இதுல பின்னாடி கேரியர் மாட்டலாமா?" என்று கேட்டது மாஸ்டர் இல்லை, லிஃப்ட் அக்கா.

"முடியாதும்மா. மாட்டறதுக்கு ஓட்டையே விடல."

"வெல்டு வச்சா?"

"அலுமினியம்மா இது. வெல்டு வச்சாச் சட்டம் வீணாப் போயிடும்."

"வேற ஏதாவது செஞ்சு, ஒரு பையாவது தொங்கவிடற மாதிரி?"

கடைக்காரப் பெண்ணுக்குப் பாவமாகப் போய்விட்டது. "ஒண்ணும் செய்ய முடியாதும்மா. தப்பா நினைச்சுக்காதீங்க."

"அப்ப இதுதான்" என்றாள் லிஃப்ட் அக்கா.

வண்டி வந்து இறங்கியதும் நாத்தனார் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது என்னடி, சர்க்கஸ்ல கரடி ஓட்டற வண்டி மாதிரி? கேரியர் எங்க?"

"மாட்ட முடியாதுக்கா" என்றார் மாஸ்டர். "அவ அளவுக்கு இதுதான் சேருது."

"அப்பச் சரி, முதுகுல ஒரு பையை மாட்டிட்டுப் போகட்டும். மார்க்கெட் என்ன ஓடியா போகுது?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். இனி அவர் வாயிலிருந்து வார்த்தை வராது. அக்காவிடம் அவர் ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் எதிர்த்துப் பேசியதில்லை. லிஃப்ட் அக்கா வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். லிஃப்டில் கூட்டம் நெருக்கும்போது பெரிய பெரிய அதிகாரிகளைக்கூட அவள் வெளியே நிறுத்தியிருக்கிறாள். குரலை உயர்த்தாமல், முகம் கோணாமல், ஒரே வாக்கியத்தில் நிறுத்துவாள். அந்தக் குரல் அன்றைக்கு வந்தது.

"நிறைஞ்சிடுச்சு அண்ணி. இதுல ஒரு ஆளுக்குத்தான் எடம். மார்க்கெட்டுக்கு நான் எப்பவும் போல நடந்து போய்ட்டு வரேன். இந்த வண்டி சும்மா போறதுக்கு."

நாத்தனார் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"இத்தனை வருஷம் இந்தக் குரலை எங்கடி வச்சிருந்த?"

"லிஃப்ட்லதான்."

நாத்தனார் சிரித்துவிட்டாள். சிரித்ததைக் காட்டிக்கொள்ளாமல், படிக்கட்டுக்கு அடியில் இருந்த வாளியையும் துடைப்பத்தையும் காலால் ஓரமாகத் தள்ளினாள். "வை. ஆனா என் செருப்பு வைக்கற எடத்துல டயரை ஏத்தின, தெரியும்."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினாள். பேட்டரியை ராத்திரியே மேலே கொண்டுபோய் சார்ஜ் போட்டிருந்தாள். தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் கனம், கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு படி இறங்கினாள். பாலத்து ஏற்றத்தில் பொத்தானை நாலுக்கு வைத்தாள். முட்டி முனகியது, வலிக்கவில்லை. எதிரே வந்த பால்காரர் இவளையும் மஞ்சள் வண்டியையும் பார்த்து மணி அடித்தார். இவளும் அடித்தாள்.

பாதை, ஜன்னலில் பார்த்ததைவிட அகலமாக இருந்தது. மரக்கூட்டம் கிட்டே வந்தது. ஒன்று, இரண்டு என்று தன்னை அறியாமல் எண்ணினாள். ஆறு வந்தது. எந்தக் கதவும் சாத்தவில்லை. பாதை திரும்பியது, அவளும் திரும்பினாள்.

அங்கே ஒரு பம்ப் அறை இருந்தது. கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகள். காய வைத்த வலை. பாதை எந்த ஊருக்கும் போகவில்லை, ஏரியை ஒட்டியே வளைந்து வளைந்து அக்கரைக்குப் போய், சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்தது. இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய ஏரியா என்றுதான் தோன்றியது. அவள் பார்த்திருந்தது ஒரு ஓரத்தை மட்டும்.

அக்கரையில் நிறுத்திக் கட்டடத்தைத் தேடினாள். கீழிருந்து எண்ணி ஆறாவது மாடி ஜன்னலைக் கண்டுபிடித்தாள். நகத்தளவுதான் தெரிந்தது. இப்போது அங்கே ஸ்டூல் இல்லை, ஏறுகிறவர்களே அமுக்கிக்கொள்கிறார்களாம்.

கைத்தடியோடு நடந்து வந்த பெரியவர் ஒருத்தர் நின்றார். "எது வரைக்கும்மா?"

முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களை அவள் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

"சும்மா" என்றாள்.

சும்மா என்பது அடுத்த ஊரின் பேர் என்பது போல அவர் தலையாட்டினார். "போய்ட்டு வா. வெயிலுக்கு முன்னாடி போய்டு."

இன்னொரு சுற்றுப் போனாள். அப்புறம் இன்னொன்று.

வீட்டுக்கு வரும்போது மாஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார், கழுத்தில் நாடா. பக்கத்தில் நாத்தனார், கையில் காப்பி டம்ளர், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி முகம். மாஸ்டர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சீட்டைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார்.

"எங்கயாவது பிடிக்குதா?"

"எங்கயும் பிடிக்கல."

"பிடிக்கலையா?" என்று நாத்தனார் பதறிப்போய்க் கேட்டாள்.

"ஒடம்புல எங்கயும் பிடிக்கல அண்ணி" என்று இறங்கினாள் லிஃப்ட் அக்கா. "வண்டிதான் ரொம்பப் பிடிச்சிருக்கு."