காளியாத்தாள் இழுத்த பாறை மீன்

வெண்ணந்தூர் ஏரியில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் சென்னிமலையை வீட்டில் தேடி ஒரு பயனும் இல்லை. மதகுக் கல்லின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். கையில் மூங்கில் தூண்டில், கடைவாயில் வெற்றிலை, கண் இரண்டும் தண்ணீரில் மிதக்கும் தக்கையின்மேல். கெண்டையோ கெளுத்தியோ கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. பொழுது சாய்ந்தபின் ஏதோ பெரிய காரியம் முடித்தவரைப்போல எழுந்து வருவார்.

அவர் மனைவி காளியாத்தாளுக்கு மீன்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. அவள் விரால் குழம்பு வைத்தால் அக்கம்பக்கத்தார் கிண்ணத்தோடு வந்துவிடுவார்கள். அவளுக்குப் பொறுக்காதது அவர் அப்படி உட்கார்ந்திருப்பதுதான். கை கால் நன்றாக இருக்கிற ஆண்பிள்ளை, காட்டில் களை மண்டிக் கிடக்கும்போது எப்படிக் கல்லோடு கல்லாக உட்கார்ந்திருக்க முடியும்? அவள் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எருமை கறப்பது, கம்பு இடிப்பது, கடலைக்காட்டில் ஆளோடு ஆளாகக் களை வெட்டுவது, கிணற்றில் தண்ணீர் சேந்துவது என்று ஓடிக்கொண்டே இருப்பாள். கயிறு இழுத்து இழுத்து அவள் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. யார் வீட்டு முரட்டுக் கிடாரியாவது முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

சென்னிமலை தன் சொந்தத் தங்கை கல்யாணத்தன்றே மாப்பிள்ளை அழைப்பு நேரத்தில் காணாமல் போனவர். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் புது வேட்டியெல்லாம் சேறாக, ஒரு விராலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அதைச் சொல்லிக் காட்டாமல் காளியாத்தாள் ஒரு வாரத்தைக் கடத்தியதில்லை. அவரும் ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. "நல்ல வெரால் அது," என்பார், அவ்வளவுதான்.

அவர்களுடைய ஒரே மகள் ராசாத்தியைப் பள்ளிபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பல வருஷம் குழந்தை இல்லை. குழந்தை பிறந்தால் ராமேசுவரத்துக்கு வந்து தீர்த்தமாடுவதாகக் காளியாத்தாள் வேண்டிக்கொண்டாள். 1936ஆம் வருஷம் ராசாத்திக்குப் பெண் பிறந்தது. காட்டு வேலை ஓய்ந்த மாசியில் கணவனும் மனைவியும் மூட்டை கட்டிக் கிளம்பினார்கள்.

வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டு ஆராயி, "ஏனக்கா, கடலக்காட்டயே பாத்துட்டுக் கெடந்தவளுக்குக் கடலயும் பாக்கக் குடுத்து வெச்சிருக்குது பாரு!" என்று சிரித்தாள்.

சேலத்தில் ரயிலேறி, ஈரோட்டில் மாறி, திருச்சியில் மறுபடியும் மாறி, பாம்பன் பாலத்துக்கு வந்தபோது காளியாத்தாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சாமியைக் கூப்பிட்டாள். சென்னிமலையோ தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கீழே தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார். "அடேயப்பா, அடேயப்பா" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

ராமேசுவரத்தில் எல்லாத் தீர்த்தத்திலும் நனைந்து, ஈரச் சேலையோடு சாமிமுன் நின்றபோது பேத்தியின் முகம் நினைவுக்கு வந்து காளியாத்தாள் இன்னொரு முறை விழுந்து கும்பிட்டாள். வேண்டுதல் முடிந்தது. மனசு நிறைந்து சத்திரத்துக்குத் திரும்பியவள், பாக்கு எடுக்கலாம் என்று கணவனுடைய சுருக்குப் பையில் கையை விட்டாள். சுருக்கென்று விரலில் ஏதோ குத்தியது. வெளியே எடுத்தாள். நூல் சுற்றிய தூண்டில் முள்.

"இதென்னுங்க?"

"தூண்டி முள்ளு."

"அது எனக்குத் தெரியாதா? சாமி கும்புட வந்த எடத்துக்கு இது எதுக்குன்னு கேக்கறேன்."

"சாமிதான் கும்புட்டாச்சே," என்றார் சென்னிமலை மெதுவாக.

விஷயம் பிறகு வெளியே வந்தது. ரயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்: பாம்பனில் வீரபாகு என்று ஒரு படகுக்காரர் இருக்கிறார், மீன் பிடிக்க ஆசைப்படுகிற துரைமாரைத் தன் வள்ளத்தில் ஏற்றிப்போய் இடம் காட்டித் தூண்டில் போட வைப்பதுதான் அவர் தொழில், யார் கேட்டாலும் வருவார் என்று. சென்னிமலை ஆள் அனுப்பிப் பேசியும் முடித்துவிட்டார்.

"ஒரே ஒரு நாளு, காளியாத்தா. பொறந்ததுலருந்து ஏரியும் குட்டையுமாவே பாத்துட்டேன். இத்தாம் பெரிய தண்ணி கண்ணு முன்னால கெடக்குது. ஒருக்கா முள்ளப் போடாம ஊருக்குப் போனா என்ற மனசு ஆறாது."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பிறகு, "நானும் வாரேன்," என்றாள்.

"நீ எதுக்கு அங்க?"

"நீங்க முழுகிப் போயிட்டா நான் ஆருகிட்டப் போயிச் சொல்லுவேன்? கூட இருந்தாக் குடுமியவாச்சும் புடிச்சு இழுப்பேன்."

மறுநாள் விடிந்ததும் பாம்பன் கரையில் வீரபாகுவைப் பார்த்தார்கள். கறுத்து மெலிந்த மனிதர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர். சென்னிமலை பெருமையாக நீட்டிய முள்ளை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதை வச்சு எங்க ஊர்ல கொசுதான் பிடிக்கலாம்," என்றார். சென்னிமலையும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

"பொம்பள ஏறலாமுங்களா?" என்று காளியாத்தாள் கேட்டாள். ஏறக்கூடாது என்று சொன்னால் தேவலை என்றுதான் அவளுக்கு இருந்தது.

"துரைசானிமாரெல்லாம் குடையைப் பிடிச்சுக்கிட்டு ஏறுதாங்க. உங்களுக்கு என்னம்மா? காலை மட்டும் பாத்து வையுங்க."

பாய் விரித்ததும் வள்ளம் தெற்கே திரும்பித் தீவுகளை நோக்கி ஓடியது. ஒரு கையால் பலகையையும் மறு கையால் கணவனின் வேட்டி முனையையும் பிடித்திருந்த காளியாத்தாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் ஓரிடத்தில் பச்சை, ஓரிடத்தில் நீலம். வீரபாகு பாயை இறக்கி நங்கூரக் கல்லைப் போட்ட இடத்தில் அடித்தரை அப்படியே தெரிந்தது. எருமைத்தலை எருமைத்தலையாகப் பாறைகள். அவற்றின் இடுக்கில் மஞ்சளும் ஊதாவுமாகக் குஞ்சு மீன்கள். அவள் வேட்டி முனையை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

வீரபாகு சென்னிமலையிடம் ஒரு கயிறு கொடுத்தார். நல்ல முறுக்கேறிய நூல் கயிறு, நுனியில் ஈயக் குண்டு, விரல் நீள முள், அதில் கணவாய்த் துண்டு. சென்னிமலை ஆசை ஆசையாகக் கயிற்றை இறக்கினார். நின்ற படகு அலையில் ஏறி இறங்கத் தொடங்கியது. அவர் முதலில் வெற்றிலையைத் துப்பினார். அடுத்து முகம் வெளுத்தது. அப்புறம் காலையில் தின்றதெல்லாம் கடலுக்குப் போயிற்று. கயிற்றைப் போட்டுவிட்டு வள்ளத்தின் அடிப்பலகையில் முகம் புதைத்துப் படுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, கரைக்குப் போயிரலாமா?"

"வேண்டாம்," என்றார் பலகையோடு பேசுகிறவரைப்போல. "கயித்த எடுத்துறாத."

"அண்ணாச்சி கயிறு சும்மா கிடக்கும்மா. நீங்க பிடிங்க," என்றார் வீரபாகு.

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். ஆள்காட்டி விரல்மேல போட்டுக்கிட்டு உக்காந்திருங்க. சின்னது வந்து கொத்தும், அசையாதீங்க. பெருசு வந்தா நான் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும்."

காளியாத்தாள் வாங்கிக்கொண்டாள். ஆழத்தில் ஏதோ கொறித்தது விரலில் வந்து தெரிந்தது, வாசற்படிக்கு வெளியே யாரோ கூச்சத்தோடு தட்டுவதுபோல. நின்றது. மறுபடி தட்டியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தாள். எருமைக்கு யார் தீனி போட்டிருப்பார்கள் என்ற நினைப்பு எப்போது மறைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

திடீரென்று கை முழங்கைவரை தண்ணீருக்குள் போனது.

"ஆத்தாடி!"

"விட்டுராதீங்க! ஓட விடுங்க, கயித்தை ஓட விடுங்க!" வீரபாகு அவள் பக்கம் தாவி வந்தார்.

கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. வேறு யார் கையாக இருந்தாலும் தோல் பிய்ந்திருக்கும். வீரபாகு அவள் காய்ப்புக் காய்த்த கையைப் பார்த்துவிட்டு, வாங்கிக்கொள்ள நீட்டிய தன் கையை மடக்கிக்கொண்டார்.

"நிக்குது பாருங்க. இப்ப இழுங்க. ம், இழுங்க. திரும்புது, விடுங்க!"

அவர் சொல்வதற்கு முன்பே அவள் கைக்குப் புரிந்துவிட்டது. இது முளைக்குச்சி பிடுங்கிய கிடாரி, வேறொன்றும் இல்லை. ஓடும்போது கூடவே விட வேண்டும், மூச்சு வாங்க நிற்கும்போது ஒரு முழம் சுருட்ட வேண்டும். காலை வள்ளத்தின் விலாக்கட்டையில் ஊன்றிக்கொண்டாள். முந்தானை அவிழ்ந்து காற்றில் பறந்ததை எடுத்து இடுப்பில் செருகக்கூட நேரமில்லை.

சத்தம் கேட்டுச் சென்னிமலை எழுந்து உட்கார்ந்தார். தலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தாலும் வாய் பழைய நிலைக்கு வந்திருந்தது. "அக்கட்ட இழு! மேல தூக்கு! பொறுமையாப் புள்ள, பொறுமையா..."

"கம்முனு இருங்க!" என்று காளியாத்தாள் போட்ட போட்டில் அவர் ஒரு முழம் பின்னால் நகர்ந்துவிட்டார்.

கீழே வெள்ளியாக ஒன்று புரண்டது. மறைந்தது. இன்னும் கிட்டத்தில் புரண்டது. வீரபாகு கொக்கியைச் செவுளில் மாட்டி ஒரே தூக்காகத் தூக்கி வள்ளத்துக்குள் போட்டார். அகலமான பாறை மீன். சுளகு அகலம் இருந்த விலாவும் மஞ்சள் வாலுமாக அது பலகையைப் படபடவென்று அடித்தது.

"பாறை! மன்னாதி மன்னன்லாம் தோத்துப் போற மீனும்மா இது. போன மாசம் ஒரு துரை கயித்தோட விட்டுட்டாரு," என்றார் வீரபாகு.

காளியாத்தாள் எரியும் கையைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், தலைமுடி கலைந்து உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்துச் சென்னிமலை கேட்டதில்லை. அவருக்கும் தொற்றிக்கொண்டது.

"இன்னொருக்காப் போடட்டுங்களா?" என்று அவள் வீரபாகுவைக் கேட்டாள்.

உச்சிப்பொழுதுவரை போட்டாள். இரண்டு கிளாத்தியும் ஒரு விளமீனும் கிடைத்தன. கரைக்கு வந்ததும் வீரபாகுவின் மனைவி சௌந்திரம் மீனை வாங்கி அறுத்து, தேங்காய் அரைத்துக் குழம்பு கூட்டினாள். குடிசை முழுக்க மணந்தது. சென்னிமலைக்குத் தலைசுற்றல் நின்று பசி எடுத்திருந்தது.

"எங்களுக்கு வேண்டாமுங்க," என்றாள் காளியாத்தாள். "ஊட்டுக்குப் போயி வெளக்கேத்துற வரைக்கும் கவுச்சி திங்கறதில்லைன்னு வேண்டியிருக்கறேன்."

"நான் வேண்டலையே!" என்றார் சென்னிமலை.

"உங்களுக்கும் சேத்துத்தான் வேண்டியிருக்கறேன்."

அதனால் இருவரும் மோர்ச்சோற்றை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளியாத்தாள் ஒவ்வொருவரையும் விடாமல் கேட்டாள். "நல்லாருக்குதுங்களா? முள்ளு எச்சா, கம்மியா? நம்மூரு வெரால விட ருசிங்களா?" சௌந்திரம் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். கிளம்பும்போது, பாறை மீனில் பாதியை உப்பில் அடைத்து ஓலைப்பெட்டியில் கட்டிக் கொடுத்தாள். "விளக்கேத்திட்டுச் சாப்பிடுங்க மதினி."

அந்தப் பெட்டியால் ரயிலில் பட்டபாடு கொஞ்சமல்ல. திருச்சி வருவதற்குள் பக்கத்திலிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு இடம் தேடிப் போனார்கள். "நல்லதாப் போச்சு," என்று சென்னிமலை காலை நீட்டிப் படுத்தார். வெண்ணந்தூரில் விளக்கேற்றிக் கும்பிட்டு, வந்தவர்களுக்குத் தீர்த்தம் கொடுத்து முடித்த பிறகு குழம்பு கொதித்தது. ஆராயி முதல் கிண்ணத்தோடு வந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. மதகுக் கல்லில் உட்கார்ந்திருந்த சென்னிமலைக்குக் காளியாத்தாள் கூழ் கொண்டுபோனாள். முன்னெல்லாம் கலயத்தை வைத்துவிட்டு ஒரு திட்டும் திட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள். அன்று நின்றாள். கூழ் குடிக்கும்வரை தூண்டிலைப் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். அவர் குடித்து, கை கழுவி, வெற்றிலை போட்டு முடித்தும் தூண்டில் அவர் கைக்குத் திரும்பி வரவில்லை. மறுவாரம் அவளுக்கென்று ஒரு மூங்கிலை அவரே சீவிக் கொடுத்தார்.

ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. பிறகு பழகிவிட்டது. விடியலில் வேலையை முடித்துவிட்டுக் காளியாத்தாள் ஏரிக்குப் போனால், "ஆத்தா, இன்னைக்கு என்ன மீனு கொத்துது?" என்று போகிறவர் வருகிறவர் கேட்டுவிட்டுப் போவார்கள். ராசாத்தி குழந்தையோடு வந்தால் தாயைத் தேடி நேரே ஏரிக்கரைக்கே வருவாள். சண்டைக் காலம் வந்து அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற வருஷங்களில்கூட அந்த வீட்டில் குழம்புச் சட்டி காயவில்லை.

நாற்பத்தாறாம் வருஷம் ஏரி நிரம்பிக் கோடி போனது. வழிந்த தண்ணீரில் விரால்கள் எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. இருவரும் மதகில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய எருமைகள் வீட்டில் கத்தத் தொடங்கியது இங்கே கேட்டது.

"ஏனுங்க, எருமை கத்துது பாருங்க."

"கேக்குது."

"போயிக் கறந்துட்டு வாங்க."

"நானா?"

"எனக்கு இப்பத்தான் கொத்துது," என்றாள் காளியாத்தாள், தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சென்னிமலை வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, செம்பு எந்த உறியில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நடந்தார்.